தார்ப்பாய்க்கு அடியில் நின்ற வண்டி

புதுப்பேட்டையில் பார்த்த மூன்றாவது இஞ்சினும் கடல் தண்ணீர் குடித்ததாகவே இருந்தது.

கூட வந்த மெக்கானிக் சேட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே விரலை விட்டுத் துழாவி, வெளியே எடுத்துப் பச்சமுத்துவிடம் நீட்டினான். கறுப்பு எண்ணெயோடு தயிர் கலந்தது போல வெளுத்த பசை ஒட்டியிருந்தது. சுனாமி வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. கரையோரத்தில் முழுகிய வண்டிகளின் இஞ்சின்களையெல்லாம் கழட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, நல்லவற்றோடு நல்லவையாக வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"சுனாமி வண்டி இல்லைங்க. அடையாறு டாக்டர் ஒருத்தரோட வண்டிங்க இது" என்றான் கடைக்காரன்.

"டாக்டரு இதை தினம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போய் குளிப்பாட்டினாரா?" என்றான் சேட்டு.

கடைக்காரன் சிரித்தான். பச்சமுத்து சிரிக்கவில்லை. அவருக்கு இடுப்பு வலித்தது. விடியற்காலை பஸ்ஸில் மரக்காணத்திலிருந்து கிளம்பியவர் இன்னும் எங்கும் உட்காரவில்லை. கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் கிரீஸ் கறை இருந்தது. கஞ்சி போட்ட வேட்டியோடு அதில் உட்கார்வதா என்று நின்றுகொண்டே இருந்தார். அவருடைய மகன் மணிகண்டன் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து இளநீர் குடித்து முடித்திருந்தான்.

"அப்பா, சொன்னா கேளு. ஒரு டாக்சி பிடிச்சா ஒரே காலையில பாண்டிக்குப் போயி ஜெயாவைக் கூட்டிக்கிட்டு வந்துடலாம். இதுக்குப் போய் மெட்ராஸ் முழுக்க அலையணுமா?"

"வாடகை வண்டியில என் பொண்ணு வரமாட்டா."

"வரமாட்டாளா, நீ கூட்டியாற மாட்டியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் பச்சமுத்து.

பேச்சு அதோடு முடிந்தது. அவர் வீட்டில் பேச்சு எப்போதும் அப்படித்தான் முடியும்.

மரக்காணத்தில் பச்சமுத்துவின் உப்பளத்தைவிடப் பெரிய அளங்கள் உண்டு. ஆனால் பழைய அம்பாசடர் ஒன்றை இன்றைக்கும் தினம் துடைத்து வாசலில் நிறுத்துகிறவர் அவர் ஒருவர்தான். அந்த வண்டியின் இஞ்சின் போனது இயற்கையாகப் போனதல்ல. சித்திரை வெயிலில் அளத்துப் பாதையில் ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டது. ஹோஸைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான் மணிகண்டன். ஊற்றுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஊருக்குள் நடக்க வேண்டும். "தண்ணிதானேடா, இதோ இருக்குது, ஊத்து" என்று உப்புப் பாத்தியைக் காட்டினார் பச்சமுத்து. ஊற்றினான். பிறகு அதை மாற்ற வேண்டுமென்று இருவருக்குமே தோன்றவில்லை. அதே தண்ணீரோடு வண்டி இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் கூனிமேட்டருகே நீராவியாகக் கக்கி நின்றபோது, ரேடியேட்டருக்குள் உப்பு விளைந்திருந்தது. இஞ்சினின் தலைப்பாகம் வளைந்து, அடிப்பாகமும் வெடித்துவிட்டது. வேறு இஞ்சின்தான் வைக்க வேண்டும் என்று சேட்டு கையை விரித்துவிட்டான். உப்போடு பிறந்து உப்போடு வளர்ந்த மனுஷன் செய்கிற காரியமா அது என்று ஊரில் சிரித்தார்கள். அவர் முன்னால் யாரும் சிரிக்கவில்லை.

வண்டி இல்லாமல் ஒரு வருஷம் கூட இருந்துவிடுவார். ஆனால் ஆனி மாதக் கடைசியில் மகள் ஜெயாவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் புகுந்த வீட்டில் வளையல் போட்டு, அன்றைக்கே அவளைத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மறுவாரம் ஆடி பிறந்துவிடும். தேதியைத் தள்ள முடியாது.

கல்யாணத்தன்று நடந்தது ஒன்று அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சம்பந்தி சிங்காரம் ஜவுளிக் கடைக்காரர். பெரிய கடை, பெரிய பேச்சு. அவரிடமும் ஓர் அம்பாசடர் இருந்தது. பந்தலில் நாலு பேர் நடுவில் நின்று, "சம்பந்தி, இனிமே பொண்ணை அழைச்சிட்டுப் போறதுன்னா சொல்லுங்க, நம்ம வண்டியை அனுப்பறேன். உங்க வண்டியில உப்பு மூட்டை ஏத்துவீங்க, பட்டுப் புடவை வீணாயிடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பச்சமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எம்பொண்ணு எப்ப எங்க வீட்டுக்கு வந்தாலும் எங்க வண்டியிலதான் வருவா" என்றார்.

சொன்னது சொன்னதுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை அலைச்சல்.

விழுப்புரத்தில் பார்த்தார்கள். அங்கே ஒரு இஞ்சின் சுழலவே இல்லை. கடலூரில் ஒன்று கிடைத்தது, சேட்டு அவசரப்பட்டு நல்லது என்று சொல்லிவிட்டான். வண்டியில் ஏற்றும்போதுதான் அடியில் விரிசலைப் பற்றவைத்த தழும்பு தெரிந்தது. அன்று முழுக்கச் சேட்டு பச்சமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் பீடி பிடித்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் மனைவி அஞ்சலாட்சி வாசலுக்கு வந்து அவர் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்காமல் வெந்நீர் வைக்கப் போய்விடுவாள்.

ஆனி பாதி கழிந்தபோது சேட்டு ஒரு சேதியோடு வந்தான்.

"முதலாளி, திண்டிவனத்துல ஒருத்தன் வண்டி உடைக்கிறான். டீசல் அம்பாசடர் ஒண்ணு முழுசா வந்து நிக்குதாம். ஓட்டிக்கிட்டே வந்து விட்டுட்டுப் போயிருக்காங்க. இன்னும் கழட்டல. ஓட விட்டுக் காதால கேட்டு வாங்கலாம். இதைவிட நமக்கு வேற என்ன வேணும்?"

மறுநாள் மூவரும் பஸ் ஏறினார்கள். பெருமுக்கல் மலை தெரிந்தபோது பச்சமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லை, பழக்கம். இஞ்சினுக்காகச் சாமியிடம் கேட்பது அவருக்குக் கேவலமாகத் தோன்றியது.

வண்டி உடைக்கும் இடம் ஊருக்கு வெளியே இருந்தது. தகர வேலிக்குள் லாரிக் கூண்டுகளும் பஸ் எலும்புகளும் குவிந்து கிடந்தன. உடைப்பவன் பெயர் பலராமன். வெற்றிலை போட்ட வாயோடு பேசினான்.

"பெருசுக்கா இஞ்சின்? வாங்க பெருசு. பின்னாடி இருக்குது."

"முன்னாடி நிறுத்தினா நாலு பேர் பார்ப்பாங்க இல்ல? வண்டி வித்துப் போவுமே" என்றான் சேட்டு.

"நான் என்ன பண்றது? குடுத்தவரு அப்படிச் சொல்லிட்டாரு. ரோட்டுல போறவன் பார்வையில படக்கூடாது, உள்ள தள்ளி நிறுத்தி மேல ஏதாச்சும் போட்டு மூடுன்னாரு. பாண்டிப் பார்ட்டி. பாண்டியில விக்கறதுக்கு என்னா? அங்க வித்தா தெரிஞ்சிடுமாம். அவரே ஓட்டிக்கிட்டு வந்தாரு. சாவியைக் குடுத்துட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவணும்னு கேட்டாரு. பெரிய மனுஷன்தான், பார்த்தா தெரியுது."

பலராமன் தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தான். வண்டியின் பின்பக்கம் வெளியே வந்தது. பின் கண்ணாடியில் பச்சைத் துணித் திரை, ஓரத்தில் மஞ்சள் குஞ்சம். கீழே பாண்டிச்சேரி நம்பர்.

பச்சமுத்துவுக்கு நம்பரைப் படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெண் பார்க்க வந்தபோது, நிச்சயத்துக்கு வந்தபோது, கல்யாணத்தன்று, ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று அந்த வண்டியை எதிர்கொண்டு அழைத்தவர் அவர்.

"அப்பா! இது சிங்காரம் மாமாவோட…" என்று ஆரம்பித்தான் மணிகண்டன்.

பச்சமுத்து திரும்பிப் பார்த்தார். மணிகண்டன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் முகத்தில் சிரிப்பு பொங்கியது. அதை மறைக்கச் சற்றுத் தள்ளிப் போய் ஒரு லாரிச் சக்கரத்தை உதைத்தான்.

"தெரிஞ்ச வண்டியா பெருசு?" என்றான் பலராமன்.

"இல்ல. ஸ்டார்ட் பண்ணு."

இஞ்சின் உடனே பிடித்தது. சேட்டு பானெட்டைத் தூக்கி, காதை வைத்துக் கேட்டு, ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, புகையில் கையைக் காட்டி முகர்ந்தான். அணைக்கச் சொன்னான். அணைத்த பிறகும் இஞ்சின் இரண்டு தரம் உடம்பை உதறிக்கொண்டுதான் அடங்கியது, குளித்துவிட்டு வந்த நாய் போல.

"இந்த உதறல் என்னா?" என்றார் பச்சமுத்து.

"அது ஒரு பழக்கம் முதலாளி. சில இஞ்சினுக்கு அப்படி. எடுக்க முடியாது, எடுக்கவும் வேணாம். இஞ்சின் முத்து மாதிரி இருக்குது."

மூவரும் வேலிக்கு வெளியே புளியமரத்தடிக்கு வந்தார்கள். மணிகண்டனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"உப்பு மூட்டை ஏத்துற வண்டின்னாரே! இப்ப அவரு வண்டியவே பஸ் எலும்புங்க நடுவுல போட்டுட்டுப் போயிருக்காரு. வாங்கு அப்பா! அதே இஞ்சினைப் போட்டுக்கிட்டு அவரு வாசல்லயே போய் நிறுத்தறோம். நல்லா கேளுங்க மாமான்னு ஒரு ஆரன் அடிக்கறேன்."

பச்சமுத்துவுக்கும் ஒரு கணம் உள்ளே குதித்தது உண்மை. பந்தலில் சிரித்த ஒவ்வொரு வாயும் கண்முன் வந்தது. ஆனால் அந்தக் குதிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. அது போன இடத்தில் ஒரு சோர்வு வந்து உட்கார்ந்தது. கடை எந்த அளவுக்கு நொடித்துப் போயிருந்தால் அந்த மனுஷன் இதைக் கொண்டுவந்து விட்டிருப்பார்? மகன் ஓட்டி வரவில்லை, டிரைவர் ஓட்டி வரவில்லை. தானே ஓட்டி வந்து, மூடிவைக்கச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு வழி கேட்டிருக்கிறார்.

இன்னொன்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போன வாரம் ஜெயா போன் செய்திருந்தாள். "நம்ம வண்டி ரெடியாயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். "ஆவுது, ஆவுது. உங்க மாமா வண்டி எப்படி இருக்குது?" என்று இவர் கேட்டார், கொஞ்சம் குத்தலாகத்தான். அவள் தயங்கவே இல்லை. "நல்லா இருக்குதுப்பா. ஷெட்லயே நிக்குது. மாமா தினம் துடைக்கிறாரு" என்றாள்.

பலராமனிடம் போய் வண்டி எப்போது வந்தது என்று விசாரித்தார். வைகாசியிலேயே வந்துவிட்டது என்றான். காலி ஷெட்டை வைத்துக்கொண்டு பெற்ற அப்பனிடம் பொய் சொல்லியிருக்கிறாள் பெண். பச்சமுத்துவுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவர் வீட்டில் கற்றதைத்தான் அவள் அந்த வீட்டுக்குச் செய்கிறாள்.

"வேணாம். வேற பார்க்கலாம்" என்றார்.

சேட்டு தலையில் கைவைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். "முதலாளி, ஆனி முடியப் போவுது. நான் இதை ஏத்தி, இறக்கி, மாட்டி, ஓட்டிப் பார்க்கணும். இதை விட்டா வளைகாப்புக்கு வண்டி கிடையாது. அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

"நீ வாங்கலன்னா வேற எவனாச்சும் வாங்குவான்" என்றான் மணிகண்டன். "அவன் யாரு வண்டின்னு கேப்பான். இந்த வெத்தல வாயன் சொல்லுவான்."

அதுதான் பச்சமுத்துவைத் திருப்பியது. பாண்டிக்காரர் எவராவது இங்கே வந்து அந்தப் பச்சைத் திரையைப் பார்க்க எத்தனை நாள் ஆகும்? திரும்பி உள்ளே போனார். விலை பேசவே இல்லை, கேட்டதைக் கொடுத்தார். மணிகண்டன் வாயைப் பிளந்தான்.

"இஞ்சினைக் கழட்டின உடனே மீதியை உடைச்சிடு. அந்தத் திரையை நானே எடுத்துக்கறேன். நம்பர் பலகையை என் கண்ணு முன்னால நசுக்கு. யாரு குடுத்தாங்கன்னு எவன் கேட்டாலும் உனக்குத் தெரியாது" என்றார்.

"எனக்கு நிஜமாவே தெரியாது பெருசு. உங்களுக்குத்தான் தெரியும் போல இருக்குது" என்றான் பலராமன்.

பஸ்ஸில் திரும்பும்போது மகனையும் சேட்டுவையும் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பேச்சு இங்கயே முடிஞ்சிது. வீட்டுல அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது."

அவர் நினைத்தது எளிமையான ஏற்பாடு. சிங்காரம் வண்டியை விற்றது தனக்குத் தெரியாது. தன் இஞ்சின் எங்கிருந்து வந்தது என்பது சிங்காரத்துக்குத் தெரியாது. இவர் வாயைத் திறக்காதவரை இரண்டு வீட்டு மானமும் அதனதன் இடத்தில் இருக்கும்.

வளைகாப்பன்று அம்பாசடர் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பியது. முன்னால் மணிகண்டனும் பச்சமுத்துவும், பின்னால் அஞ்சலாட்சியும் சீர்த் தட்டுகளும். சேட்டு சொன்னது போலவே இஞ்சின் முத்தாக ஓடியது. கோட்டக்குப்பம் தாண்டி முத்தியால்பேட்டைத் தெருவில் திரும்பியபோது பச்சமுத்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

சிங்காரம் வாசலில் நின்றிருந்தார். போன தடவையைவிட உடம்பு பாதியாகியிருந்தது. சட்டை மட்டும் பழைய அளவு. வண்டி தெருமுனையில் வரும்போதே அவர் பேச்சை நிறுத்தியதைப் பச்சமுத்து பார்த்தார். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி வாசலில் நின்றது. மணிகண்டன் சாவியைத் திருப்பினான். இஞ்சின் இரண்டு தரம் உதறி அடங்கியது.

சிங்காரத்தின் முகம் வெளுத்துப் போனது.

இருபது வருஷம் ஓட்டியவருக்கு அது தெரியாமல் போகுமா? பச்சமுத்துவின் ஏற்பாடு வாசலிலேயே உடைந்துவிட்டது.

"வாங்க சம்பந்தி, வாங்க" என்று கைகூப்பினார் சிங்காரம். "புது… இஞ்சினுங்களா?"

"பழசுதாங்க. எங்கயோ கிடைச்சிது" என்றார் பச்சமுத்து. இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

கூடத்தில் உறவு ஜனம் நிறைந்திருந்தது. ஜெயா மனையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து வளையல் போட்டார்கள். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது, சிங்காரத்தின் அக்காள் புருஷன் அர்ச்சுனன் வாயைத் திறக்கும்வரை. அவர் ஊரில் வாய்க்குப் பேர்போனவர். சாப்பாட்டுக்கு முன்னால் சும்மா இருக்க மாட்டார்.

"ஏம்பா சிங்காரம், சம்பந்தி வண்டி ஜம்முனு வந்து நிக்குது. உன் வண்டியைக் காணோமே? நீ வித்துட்டன்னு கடைத்தெருவுல ஒருத்தன் சொல்றான். நான் அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டேன். டேய், எங்க மச்சான் பொண்டாட்டியை வித்தாலும் விப்பானே தவிர வண்டியை விக்க மாட்டான்னு சொல்லிட்டேன்."

கூடமே சிரித்தது. சிங்காரத்தின் மனைவி சிரிக்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன் மாமா" என்றார் சிங்காரம்.

"எங்க? நம்ம ரோட்டு முனை ஷெட்லயா? நான் அந்த வழியாத்தானே வந்தேன். அங்க இல்லையே."

"இல்ல… வேற இடம்."

"எந்த இடம்? சொல்லு, போறப்ப ஒரு எட்டு பார்த்துட்டுப் போறேன். ரெண்டு மாசமாவா சர்வீஸ் பண்றான்? வண்டியைப் பண்றானா, கப்பலைப் பண்றானா?"

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அதில் ஒரு கூர்மை இருந்தது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிங்காரம் தாம்பூலத் தட்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். ஜெயாவின் புருஷன் தேவா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மனையிலிருந்த ஜெயா அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு எதுவும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவள் பார்வையில் இருந்தது பயம் மட்டும்தான். தன் வீட்டு மானம் தன் அப்பன் முன்னாலேயே அவிழ்கிறதே என்ற பயம்.

பச்சமுத்து எழுந்தார். எழுவதற்கு முன் அவர் யோசித்தாரா என்று அவருக்கே தெரியாது.

"அந்த வண்டி எங்க இருக்குதுன்னு நான் சொல்றேன்" என்றார். கூடம் அடங்கியது. "என் வண்டி இஞ்சின் வெடிச்சிப் போச்சு. நாலு ஊரு அலைஞ்சேன், நல்ல இஞ்சின் கிடைக்கல. சம்பந்திக்குத் தெரிஞ்சிது. மாசமா இருக்கற பொண்ணு கண்ட வண்டியில போகக்கூடாதுன்னு, தன் வண்டி இஞ்சினைக் கழட்டி எனக்குக் குடுத்துட்டாரு. வாசல்ல நிக்கற வண்டிக்குள்ள ஓடறது அவரு இஞ்சின்தான். இஞ்சின் இல்லாத வண்டியை வெச்சிக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு? அதான் வித்துட்டாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு என்கிட்ட கையடிச்சி சத்தியம் வாங்கினாரு. நீங்க இப்படிக் கேட்டதால சொல்ல வேண்டியதாப் போச்சு."

அஞ்சலாட்சி தன் புருஷனை இதுவரை பார்த்திராத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அர்ச்சுனன்தான் முதலில் பேசினார். "நிஜமாவாடா சிங்காரம்? இதை ஏண்டா மறைச்ச?"

சிங்காரம் பச்சமுத்துவைப் பார்த்தார். "சின்ன விஷயம். இதைப் போய் என்னா சொல்றது" என்றார் மெல்ல.

"சின்ன விஷயமாம்!" என்று தொடையைத் தட்டினார் அர்ச்சுனன். அவருக்கு ஒரு ஆள் தப்பினால் இன்னொரு ஆள் வேண்டும். "ஏங்க மரக்காணத்தாரே, கல்யாணத்துல என்னமோ எங்க வண்டி, எங்க வண்டின்னு மார் தட்டினீங்களே? அப்ப இனிமே பாதி வண்டிதான் உங்களுது! மேல உங்க தகரம், உள்ள எங்க உசுரு!"

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. பச்சமுத்து நின்றார். கல்யாணத்தன்று சிரித்த அதே வாய்கள். இந்தத் தடவை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொல்ல அவரிடம் ஒரு சொல்லும் இல்லை. அதை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"ஆமாங்க. பாதிதான்" என்றார். உட்கார்ந்தார்.

சாப்பாடு முடிந்து ஜெயாவை வண்டியில் ஏற்றினார்கள். தலையணை வைத்து, மடியில் எலுமிச்சம்பழம் கொடுத்து, ஆளுக்கு ஒரு புத்தி சொன்னார்கள். சிங்காரம் முன்கதவுப் பக்கம் வந்தார். ஜன்னல் வழியாகக் குனிந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று பச்சமுத்துவுக்குக் கூச்சமாக இருந்தது. நல்லவேளை, அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"காலையில ஸ்டார்ட் பண்றப்போ ஹீட்டரைக் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கணுங்க. அவசரப்பட்டா அடம் பிடிக்கும்."

"சரிங்க சம்பந்தி."

"மழைக் காலத்துல இன்னும் கொஞ்சம் கூட."

"பிடிக்கறேங்க."

வண்டி கிளம்பியது. கோட்டக்குப்பம் தாண்டும்வரை மணிகண்டன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு வெடித்தான்.

"புதுப்பேட்டை, விழுப்புரம், கடலூரு, திண்டிவனம்னு நாய் மாதிரி அலைஞ்சி நாம வாங்கினது. அதைப் போய் அந்தாளு தானமாக் குடுத்தான்னு நாலு பேர் நடுவுல… உனக்கு என்னா ஆச்சுப்பா? மொத்த ஊரும் சிரிக்கப் போவுது."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"திண்டிவனமா?" என்றாள் பின்னாலிருந்து ஜெயா.

அவள் முன்சீட்டின் மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உனக்கு எப்பவே தெரியும் இல்லப்பா? நான் போன்ல சொன்னப்போ…"

"அப்பத் தெரியாது."

"என் மேல கோவமா?"

"நல்லா சாஞ்சி உட்காரு. பள்ளம் வருது" என்றார். அவள் சாய்ந்துகொண்டாள். அஞ்சலாட்சி மகளின் தலையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. பச்சமுத்து கண்ணை மூடினார். தூக்கம் வரவில்லை. அடியில் இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது, யாருடையது என்பதைப் பற்றிக் கவலையே இல்லாமல்.

மரக்காணம் முனையில் வேகம் குறைந்தபோது பக்கத்து அளத்துக் கண்ணாயிரம் டீக்கடையிலிருந்து கையைக் காட்டினார். அவருடைய மருமகனும் முத்தியால்பேட்டைதான். அவர் கையில் செல்போன் இருந்தது. பச்சமுத்துவுக்குப் புரிந்துவிட்டது.

"நிறுத்தாத, போ" என்று அஞ்சலாட்சி பின்னாலிருந்து சொன்னாள்.

"நிறுத்து" என்றார் பச்சமுத்து.

கண்ணாயிரம் டம்ளரோடு வந்து பானெட்டைத் தட்டினார். "என்னா பச்சமுத்து, சம்பந்தி இஞ்சின் குடுத்தாராமே! நான் நம்பவே இல்ல. எங்க பச்சமுத்துவாவது ஒருத்தர்கிட்ட கை நீட்டறதாவதுன்னேன்."

சுற்றிலும் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். எல்லாருமே அவருக்குத் தெரிந்தவர்கள். நாளைக்கு அளத்தில், நாளன்றைக்கு மார்க்கெட்டில், இன்னும் எத்தனையோ வருஷத்துக்கு இதையே கேட்கப் போகிறவர்கள்.

"ஆமா கண்ணாயிரம். அவரு குடுத்ததுதான்" என்றார் பச்சமுத்து. "நல்லா ஓடுது. புள்ளைத்தாச்சிப் பொண்ணு வண்டியில இருக்கறா, வழி விடு."

கண்ணாயிரம் விலகினார். வண்டி ஊருக்குள் திரும்பியது.